தட்டினால் விட்டுவிட வேண்டும்

மக்கா,

சுகமா என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு எனக்கு மனமில்லை. இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உனக்குச் செய்தி வந்திருக்கும். இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, பெற்ற தாயே எழுந்து நின்று ‘தடை உண்டு’ என்று சொன்னாள் என்று. பூசை முடிந்து நான் வாசலில் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் நம்மூர் டெலிபோன் பூத்தில் வரிசை நின்றுவிட்டது. அம்மைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒருத்தன் சொல்லியிருப்பான். உனக்கு அங்கே வேறொரு பெண்ணும் பிள்ளையும் உண்டு என்று இன்னொருத்தன் சொல்லியிருப்பான். நம் ஆட்களுக்குக் கதை கட்டச் சொல்லித்தரவா வேண்டும்? அதனால் நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதுகிறேன். உன் அறையில் இருக்கும் சிலுவைதாசன் லீவு முடிந்து நாளைக் காலையில் கல்ஃபுக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டவில்லை. நீ வாங்க மாட்டேன் என்று சொன்னால், அறை நடுவில் நின்று எல்லாரும் கேட்க உரக்கப் படிக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இனி வெட்கம் ஒன்றும் பாக்கியில்லை.

வெள்ளிக்கிழமை நீ அந்தக் கம்பி வலைக் கூண்டுக்குள் போகப் போகிறாய். அதற்கு இன்னும் ஐந்தே நாள். பிடி மட்டும் உள்ள சண்டையில் நீ சாம்பியன். அந்த ஜியுஜிட்சு என்ற பெயர் என் வாயில் இன்றுவரை ஒழுங்காக நுழையவில்லை, ஆனால் நீ ஜெயித்ததாகத் தகவல் வந்த அன்று பாறசாலைச் சந்தையில் மீன் வாங்க வந்த ஒருத்தரையும் நான் சொல்லாமல் விட்டதில்லை. பூவார் முதல் காஞ்சிரங்குளம் வரை என் மகன் சாம்பியன் என்று கூவி விற்றேன். இப்போது நீ போவது வேறு சண்டை. பிடியும் உண்டு, இடியும் உண்டு, மிதியும் உண்டு, எல்லாம் கலந்த சண்டை. பிடியில் சாம்பியன் ஆனவன் அதிலும் ஜெயிப்பான் என்று உன் முதலாளி அறபி சொல்கிறார், மாஸ்டர் சொல்கிறார், உன் அறைக்காரர்கள் சொல்கிறார்கள், இங்கே உன் அப்பாவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் உன் அப்பாவைத் தவிர ஒருத்தருக்குக்கூட உன் இடது கண் தெரியாது என்பது தெரியாது. தெரிந்தவர்கள் உன் அப்பாவும் நானும் நீயும்தான். அவர் அதைப் பேசமாட்டார், நீ மறைத்துவிட்டாய், பாக்கி இருந்தது நான் ஒருத்தி.

நீ அனுப்பிய வீடியோ கேசட்டை வறுவேல் வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். மதியக் கஞ்சிக்குப் பிறகு, வள்ளமெல்லாம் கரை ஏறின நேரம், ஊரே அந்த வீட்டுக்குள் இருந்தது. முதலில் உன் சாம்பியன் போட்டி. எல்லாரும் உன் கையைப் பார்த்தார்கள், நான் உன் கழுத்தைப் பார்த்தேன். எதிராளி இடப்பக்கம் போனதும் கோழி பார்க்கிற மாதிரி தலையை முழுக்கத் திருப்பினாய். அவனைப் பிடித்த பிறகு திருப்பவே இல்லை. சில நேரம் கண்ணையே மூடிக்கொண்டாய். அவன் கால் எங்கே, இடுப்பு எங்கே, மூச்சு எப்போது தளர்கிறது என்பதெல்லாம் உன் கைக்கும் நெஞ்சுக்கும் தெரிந்தது. அந்தப் பிடியில் கண்ணுக்கு வேலையே இல்லை, அதனால்தான் நீ ஜெயித்தாய். அடுத்து நீ அப்பாவுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த இன்னொரு சண்டை ஓடியது, யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் கூண்டுக்குள். அதில் ஒருத்தன் உன்னைப்போலப் பிடிக்காரன், அவன்தான் ஜெயிப்பான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிலுவைதாசன் சொன்னான். ஜெயித்தான்தான். ஆனால் அவன் காலைப் பிடிக்கக் குனிந்தபோது பக்கவாட்டில் இருந்து வந்த இடியைப் பார்த்தாயா? அவன் அதைக் கண்டு கடைசி நொடியில் தலையைச் சாய்த்தான். கண்டதால் சாய்த்தான். நீ எதைக் கண்டு சாய்ப்பாய்?

அந்த இடி இவனுக்கு வந்தால் என்று நான் அங்கேயே கேட்டேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “எனக்க மோன் பிடிச்சா விடமாட்டான், கேட்டியா? அது கம்பா பிடிச்ச கையாக்கும்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். “நீரு சும்மா கெடயும். அவன் பிடிக்கதுக்கு முன்ன இடி விழுந்தா என்ன செய்வான்?” என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

கம்பா பிடித்த கை. அந்தக் கதையை உன் அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! நீ பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு நின்ற காலம். கரமடி வலையைக் கரைக்கு இழுக்க ஆள் குறைந்தது என்று உன்னையும் கம்பாக் கயிற்றின் முன்பக்கத்தில் நிறுத்தினார்கள். கடல் இழுத்த இழுப்பில் அந்தப் பழைய கயிற்றுக் கம்பா அறுந்து, அறுந்த முனை சாட்டையைப்போல உன் முகத்தில் வந்து விழுந்தது. மற்றவர்கள் எல்லாம் மணலில் மல்லாந்து விழுந்தார்கள். நீ மட்டும் முகமெல்லாம் ரத்தத்தோடு கையிலிருந்த கடல்பக்கத்துத் துண்டை விடாமல் நின்றாய். மடிவலை கடலோடு போகாமல் காத்தவன் என்று ஊர் உன்னைத் தூக்கி வைத்துப் பேசியது. அந்தக் கதையில் உன் புருவத்தில் ஒரு வெட்டு மட்டும்தான் உண்டு. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அங்கிருந்து உடனே திருவனந்தபுரத்துக்கு அனுப்பியதும், அந்தக் கண் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதும் கதையில் கிடையாது. இடது கண் போனது போனதுதான் அம்மா, வெளியில் பார்த்தால் குறை தெரியாது, ஆனால் வெளிச்சம் இருட்டு தவிர ஒன்றும் தெரியாது, இனி இவனுக்கு உள்ளது ஒரு கண், முகத்தில் அடி படுகிற எந்தக் காரியத்துக்கும் இவனை விடாதே என்று அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். கொண்டைக்குள் ஒரு ஊசி குத்தினமாதிரி அந்த வார்த்தை இன்றுவரை என் தலையில் இருக்கிறது.

வெளியில் குறை தெரியாது என்று அவர் சொன்னாரே, அதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். கண் போனவன் என்று ஊரில் தெரிந்தால் கல்ஃபும் இல்லை, பெண்ணும் இல்லை என்று உன் அப்பாவிடம் சொன்னவள் நான்தான், அதை மறுக்கவில்லை. விசாவுக்கு மெடிக்கல் எடுக்கப் போகிறாய் என்றதும், அதற்கு முன்னால் போய்வந்தவனிடம் கண் பார்க்கிற அந்தப் பலகையில் என்னென்ன எழுத்து என்று கேட்டு எழுதி வாங்கினேன். முற்றத்தில் நான் மீன் செதிள் எடுப்பேன், நீ வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மேல் வரியில் இருந்து கீழ் வரி வரை மனப்பாடமாகச் சொல்வாய். தப்பினால் செதிளோடு கையை ஓங்குவேன். வேதபாடம் படிக்கும்போதுகூட நான் உன்னை அப்படிப் படிக்கவைத்ததில்லை. நீ பாஸாகி வந்து சிரித்தபோது நானும் சிரித்தேன். பெண் பார்க்கக் காஞ்சிரங்குளம் போனபோதும் நான்தான் முந்திப் போய், பெண் வீட்டார் எல்லாரும் உன் வலப்பக்கம் வரும்படி உன்னைச் சுவரோரமாக உட்காரவைத்தேன். எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு! மகனுக்குக் கண் இல்லாததை மறைக்க இத்தனை கண் வைத்திருந்தேன்.

போன மாதம் நீ பூத்துக்குப் போன் செய்து இந்தச் சண்டையைச் சொன்னபோது, அங்கே டாக்டர் பார்க்கமாட்டாரா என்றுதான் நான் முதலில் கேட்டேன். நீ சிரித்தாய். “எழுத்து வாசிக்கச் சொல்லுவாங்க அம்மா. நீதானே படிப்பிச்சே, இப்பமும் மறக்கல்ல” என்றாய். பூத்துக்காரன் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் நான் அழவில்லை. பிறகு உன் காரணத்தைச் சொன்னாய். ஜெயித்தால் அறபி உன்னைக் கோடவுன் வேலையிலிருந்து எடுத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டராக வைப்பாராம். மாஸ்டருக்குக் குடும்ப விசா உண்டாம். கல்யாணம் முடிந்த கையோடு ஷைனியைக் கூட்டிக்கொண்டு போகலாமாம். கட்டின பெண்ணை இங்கே விட்டுவிட்டு இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை முகம் காட்டுகிற மற்றவர்களைப்போல இருக்கமாட்டேன் என்றாய். நல்ல காரணம், மக்கா. கெட்ட காரணமாக இருந்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். ஆசை நல்லதாக இருக்கிறது, அதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஆனால் கூட்டிக்கொண்டு போன பெண்ணை நீ பார்க்க வேண்டாமா? அவள் உன்னைக் கைப்பிடித்துக் கக்கூஸுக்கு நடத்திக்கொண்டு போகவா குடும்ப விசா?

அதற்குப் பிறகு நான் போன் செய்யும்போதெல்லாம் நீ வரவில்லை. “அம்மச்சி, அவன் பிராக்டீஸுக்குப் போயாச்சு” என்பான் யாராவது ஒருத்தன். பின்னால் உன் இருமல் கேட்கும். “எலே, அவன் இருமுதது எனக்குக் கேக்குது, கூப்பிடுலே” என்பேன். வைத்துவிடுவான். கடைசியில் ஒருத்தனிடம் சொல்லியே விட்டேன், அவனுக்கு இடது கண் தெரியாது, அவனுடைய மாஸ்டரிடம் போய்ச் சொல் என்று. அவன் சிரித்தான். “பயத்துல ஒவ்வொண்ணு சொல்லாதீங்க அம்மச்சி, அவன் ராத்திரி கேரம் விளையாடி எங்கள எல்லாம் தோப்பிக்கியான்” என்றான். லீவில் வந்த சிலுவைதாசனிடம் சொன்னேன். அவனும் அதே சிரிப்பு, உன்னிடம் போனில் கேட்டபோது அம்மா சண்டையை நிறுத்தப் பொய் சொல்கிறாள் என்று நீயே சொன்னாயாம். நீ சொன்னதை நம்புவானா, தலையில் மீன் சருவத்தோடு நின்று அழுகிறவளை நம்புவானா? இத்தனை வருஷம் பொய்யை உண்மையைப்போலச் சொன்னவள், இப்போது உண்மையைச் சொன்னால் பொய்போல இருக்கிறது. சொல்லுகிற இடம் மாறினால்தான் நம்புவார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

முதல் ஓலையின்போதும் இரண்டாம் ஓலையின்போதும் நான் எழும்பவில்லை. நீ மனம் மாறுவாய், போனுக்கு வருவாய் என்று இருந்தேன். இன்றைக்குத்தான் கடைசி ஓலை. பங்கு அச்சன் உன் பேரையும் அப்பா பேரையும் என் பேரையும், காஞ்சிரங்குளத்து ஷைனியின் பேரையும் வாசித்தார். இவர்கள் மணம் செய்ய விரும்புகிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று எப்போதும் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். நான் எழுந்தேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். “தடை உண்டு அச்சா” என்றேன். நம் கோயிலில் இதுவரை யாரும் அப்படி எழுந்ததில்லை. யாராவது சொல்வதாக இருந்தாலும் அச்சன் தங்குகிற மேடைக்குப் போய் அவரிடம் ரகசியமாகத்தான் சொல்வார்கள்.

“என்தா அம்மச்சி, யாருக்க கல்யாணத்துக்கு?” என்று அச்சன் கேட்டார். “எனக்க மோனுக்க கல்யாணத்துக்காக்கும்” என்றேன். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, “ஐயோ மாதாவே, அவனுக்கு அங்க ஒருத்தி உண்டு போல” என்று வாய்விட்டே சொன்னாள். நான் திரும்பி, “வாய மூடு பிள்ளே, எனக்க மோன் தங்கமாக்கும்” என்று சொல்லிவிட்டு அச்சனைப் பார்த்தேன். “அவனுக்கு இடது கண்ணு தெரியாது அச்சா. கம்பா அறுந்த அன்னைக்குப் போச்சு. ஊருக்கும் தெரியாது, பெண்ணு வீட்டுக்கும் தெரியாது. நாங்க மறைச்சாக்கும் வச்சிருந்தது. பீடத்துக்கு முன்ன நின்னு சொல்லுதேன், பொய்யானா எனக்க நாக்கு அழுகிப் போவட்டும்” என்றேன். அச்சன் இறங்கி வந்தார். பாவம், என்னை ஆறுதல்படுத்தப் பார்த்தார். “அது தடை இல்ல அம்மச்சி, கண்ணு இல்லாதவனுக்கும் சபையில கல்யாணம் உண்டு” என்றார். “கல்யாணத்துக்குத் தடை இல்லன்னு எனக்கும் தெரியும் அச்சா. வெள்ளிக்கிழமை அவன் போற சண்டைக்குத் தடை. அத எங்க சொன்னா கேப்பாங்க? இஞ்ச சொன்னா எல்லாரும் கேப்பாங்க, அங்கயும் போய்ச் சேரும்” என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஆண்கள் பக்கத்தில் உன் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து என்னோடு வரவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார், ஊசியில் நூல் கோர்த்திருந்தது, ஒரு கண்ணிகூடப் போடவில்லை. திட்டுவார் என்று இருந்தேன். அவர், “கம்பா பழசுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் பிள்ளே” என்றார். இத்தனை வருஷம் நீ கம்பாவை விடாத கதையை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் அப்பா மேல் எனக்கிருந்த கோபம் அப்படியே இறங்கிப்போயிற்று. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மத்தியானம் கழிந்து காஞ்சிரங்குளத்தில் இருந்து ஜீப் வந்தது. ஷைனியின் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். அந்த அம்மா என்னைப் பேசாத பேச்சில்லை. கண் இல்லாத மாப்பிள்ளையைத் தலையில் கட்டப் பார்த்தாயா, ஊரைக் கூட்டி எங்கள் மானத்தைக் கெடுத்தாயா, அதைக் காதில் சொல்லியிருந்தால் என்ன என்று. எல்லாம் நியாயம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சந்தையில் என்னை இப்படி ஒருத்தி பேசியிருந்தால் சும்மா விடுவேனா? அப்போதுதான் ஜீப்புக்குள் ஷைனியும் இருப்பது தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பெண் கால் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை, ஆனாலும் அவள் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். “மாமி, எந்தக் கண்ணு?” என்று கேட்டாள். “இடது” என்றேன். “அன்னைக்கு நான் காப்பி கொண்டு வந்தது அடுக்களை வாசல் வழியா. அவியளுக்க இடப்பக்கமாக்கும் நின்னேன். ஒரு பாடு நேரம் நின்னேன். திரும்பியே பாக்கல்ல. கல்ஃப்காரனுக்க அகங்காரம்னு நெனச்சு நான் ராத்திரி முழுக்க அழுதேன் மாமி” என்றாள். நான் உன்னைச் சுவரோரம் உட்காரவைத்த சாமர்த்தியத்தின் லட்சணம் இதுதான், மக்கா. அடுக்களை வாசல் அந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளுடைய அண்ணன் “நடட்டீ, போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தான். அவள் அவனிடம், “விடு அண்ணே, வாறேன்” என்று சொல்லிவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கெட்டுவேனா மாட்டேனான்னு நான் இப்பம் சொல்லல்ல. எங்கிட்ட மறைச்சதுக்கு எனக்குக் கோவம் உண்டு. ஆனா எனக்காகன்னு சொல்லி அங்க போவண்டாம்னு சொல்லுங்க. ரெண்டு கண்ணும் இல்லாம என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு, இருக்க ஒரு கண்ணோட இஞ்ச வந்து எனக்க முன்ன நின்னு உள்ளதச் சொல்லட்டும். இடப்பக்கம் நிக்கியதா வலப்பக்கம் நிக்கியதான்னு பெறவு நான் பாக்கேன்.” சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அவள் அம்மா போகும்போதும் என்னைத் திட்டிக்கொண்டேதான் போனாள். கல்யாணம் நிற்குமா நடக்குமா எனக்குத் தெரியாது. நடந்தால் அந்தப் பெண்ணின் காலைப் பிடிப்பேன். நடக்காவிட்டால் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும், நான் சுமந்த சருவத்தைவிட அது பாரமில்லை.

இனி உன்னிடம் என்ன சொல்ல? புத்தி சொல்லித்தான் கடிதம் எழுதுவார்கள். பெரியவர்களுக்குக் கீழ்ப்படி, செபம் சொல், காசைப் பத்திரமாக வை என்று எழுத எனக்கும் தெரியும். அதற்கெல்லாம் இடமில்லாமல் ஒரே பயம் வந்து நிற்கிறது. இன்று ஊர் முழுக்கத் தெரிந்தும் உன் மாஸ்டர் காதுக்கு எட்டாமல் போனால்? எட்டியும், எழுத்தெல்லாம் சரியாக வாசித்தானே என்று அவர் சொல்லிவிட்டால்? சிலுவைதாசனின் விமானம் தாமதமானால்? இந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ கிழித்துவிட்டால்? அறையில் உள்ள பிள்ளைகளே, இதை அவன் கிழித்தால் துண்டைப் பொறுக்கி ஒட்டுங்கள். அவனை உட்காரவைத்து வலது கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு விரலைக் காட்டிக் கேளுங்கள். எழுத்தைக் காட்டாதீர்கள், அதை நான் படிப்பித்துவிட்டேன். விரலைக் காட்டுங்கள். பிறகு அவனுடைய மாஸ்டரையும் கூப்பிட்டு அதே விரலைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் எல்லாருக்கும் ஒரு தாய் உண்டு.

மக்கா, கடைசியாக ஒன்று. போன லீவில் நீ கடற்கரை மணலில் எல்லாருக்கும் அந்தப் பிடியைக் காட்டினாய், நினைவிருக்கிறதா? என் தம்பி, உன் தொம்மை மாமன், வீறாப்பாக வந்து மாட்டிக்கொண்டான். அவன் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து நீ பின்னால் சாய்ந்தாய். அவன் முகம் வெங்காயத்தோல் நிறமாயிற்று, வாயைத் திறக்கமாட்டேன் என்று கிடந்தான். நான் கையில் கிடைத்த துடுப்பை எடுத்துக்கொண்டு உன்னை அடிக்க வந்தேன். “அம்மா, மாமா தட்டினா நான் விட்டிருவேன். தட்டணும், அதாக்கும் சட்டம்” என்று நீ சிரித்தாய். மாமன் ஒருவழியாக மணலில் தட்டினான், அந்த நொடியே நீ விட்டாய். அவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, தோற்கவில்லை, வெயிலுக்குத் தலை சுற்றியது என்றான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நீ என் கையைப் பிடித்துச் சும்மா மடக்கிக் காட்டினாய். நான் உன் தோளில் தட்டினேன். வலிக்கவே இல்லை, ஆனாலும் விட்டுவிட்டாய். “யாரு தட்டினாலும் விடணும் அம்மா. சின்னவன் ஆனாலும் சரி, எதிராளி ஆனாலும் சரி. தட்டின பெறவும் பிடிச்சிட்டு இருக்கவன் சாம்பியன் இல்ல” என்றாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த பெருமை நீ ஜெயித்த அன்றுகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை உன் பிடியில் மாட்டப் போகிறவன் யாரோ, எனக்குத் தெரியாது. இப்போது மாட்டியிருப்பது நான். போன மாதத்தில் இருந்து உன் பிடிக்குள் கிடக்கிறேன், மூச்சு முட்டுகிறது, வீறாப்புக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஊர் முன்னால் எழுந்து நின்று அதையும் தொலைத்துவிட்டேன். இதோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்தத் தாளின்மேல் என் கையை வைத்துத் தட்டுகிறேன். அடியில் மீன் நாற்றத்தோடு ஒரு கறை இருக்கும், பார். அது என் கைதான்.

தட்டிவிட்டேன், மக்கா. விடு.

உன் அம்மா